அடிக்குறிப்பைத் தேடிப் போகிறவர்கள்

(சட்ட மாணவர் மன்ற ஆண்டு விழா ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நம் ஊர் வக்கீல் ஆபீசில் 'ஜர்னல்' என்ற சொல்லுக்கு ஒரே பொருள்தான். "அந்த ஜர்னலை எடுப்பா" என்று சீனியர் சொன்னால், ஜூனியர் அலமாரியிலிருந்து ஒரு தீர்ப்புத் தொகுதியை எடுத்து வருவார். எம்.எல்.ஜே., லா வீக்லி, சி.டி.சி. என்று முதுகில் ஆண்டும் எண்ணும் பொறித்த கனத்த தொகுதிகள் அவை. இன்று நான் பேச வந்திருக்கும் ஜர்னல் வேறு. சட்டக் கல்லூரி மாணவர்களே ஆசிரியர் குழுவாக அமர்ந்து, பேராசிரியர்களும் நீதிபதிகளும் அனுப்பும் கட்டுரைகளைப் படித்து, ஏற்பதா மறுப்பதா என்று முடிவு செய்து, வரிவரியாகத் திருத்தி வெளியிடும் ஆய்விதழைச் சொல்கிறேன்.

மருத்துவத்தில் இப்படி ஓர் ஏற்பாடு இல்லை. இயற்பியலிலும் இல்லை. அங்கெல்லாம் ஒரு கட்டுரை அந்தத் துறையில் ஊறிய இரண்டு மூன்று பேரின் கைக்குப் போய், அவர்கள் சரி என்ற பிறகே அச்சேறும். அமெரிக்கச் சட்டத் துறையிலோ, இன்னும் பட்டம் கூட வாங்காத இருபத்து நான்கு, இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள்தான் தங்கள் ஆசிரியர்களின் எழுத்தை எடை போடுகிறார்கள். மற்றத் துறை நண்பர்களிடம் இதைச் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். ஆனால் நூற்று முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே இதுதான் நடைமுறை. இந்த நடைமுறை கொடுத்தது என்ன, கெடுத்தது என்ன, நமக்கு அதில் எடுத்துக்கொள்ள எது இருக்கிறது என்பதை என் அறிவுக்கு எட்டியவரை சொல்கிறேன்.

1885இல் லண்டனில் 'லா குவார்ட்டர்லி ரிவ்யூ' தொடங்கியது. அதன் ஆசிரியர் பிரடெரிக் பொல்லாக், ஆக்ஸ்போர்டு பேராசிரியர். அறிஞர் நடத்த, அறிஞர் எழுத, அறிஞர் படிக்கும் இதழ் அது. இரண்டே ஆண்டு கழித்து, 1887 ஏப்ரலில், ஹார்வர்ட் சட்டக் கல்லூரியில் சில மாணவர்கள் சேர்ந்து 'ஹார்வர்ட் லா ரிவ்யூ'வைக் கொண்டுவந்தார்கள். அந்த மாணவர்களில் ஒருவரான ஜான் ஹென்றி விக்மோர் பிற்காலத்தில் சாட்சியச் சட்டத்தின் மாபெரும் ஆசிரியரானார். பாஸ்டனில் தொழில் செய்துகொண்டிருந்த பழைய மாணவர் லூயிஸ் பிரான்டைஸ் இதழுக்குத் துணை நின்றார். மாணவர் இதழ் அதற்கு முன்பும் ஓரிரு கல்லூரிகளில் முளைத்து வாடியதுண்டு. இதுதான் வேர் பிடித்தது.

1891இல் யேல் பல்கலைக்கழக மாணவர்கள் தங்கள் இதழைத் தொடங்கினார்கள். அந்த ஆண்டை நம் ஊர்க் கணக்கிலும் குறித்துக்கொள்ளுங்கள். மயிலாப்பூர் வழக்கறிஞர்கள் 'மெட்ராஸ் லா ஜர்னல்' தொடங்கியதும் அதே 1891இல்தான். சென்னைச் சட்டக் கல்லூரி பிறந்ததும் அதே ஆண்டு. ஒரே ஊரில் ஒரே ஆண்டில் கல்லூரியும் இதழும் பிறந்திருக்கின்றன. ஆனால் இதழ், தொழிலில் இருந்த வழக்கறிஞர்களின் கையில் வளர்ந்தது. கல்லூரி, பாடம் சொல்லித் தேர்வு வைக்கும் இடமாக வளர்ந்தது. பி.ஆர். சுந்தரமய்யர், வி. கிருஷ்ணசாமி அய்யர் போன்றோர் நடத்திய அந்த இதழின் தரத்தைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. மாணவனை இதழின் மேசையில் உட்கார வைக்கும் வாய்ப்பு மட்டும் இங்கே அன்று திறக்கவில்லை. அது திறக்க இன்னும் ஏறக்குறைய நூறு ஆண்டு ஆயிற்று.

மாணவர் இதழ் ஒன்றில் வந்த கட்டுரை எவ்வளவு தூரம் பயணம் செய்யும் என்பதற்கு ஒரு வரலாறு சொல்கிறேன். அந்தப் பயணத்தின் நடுவில் நம் சென்னையும் வருகிறது.

1890 டிசம்பர் 15. ஹார்வர்ட் இதழுக்கு அப்போது வயது நான்கு கூட ஆகவில்லை. சாமுவேல் வாரன், லூயிஸ் பிரான்டைஸ் என்ற இரு பாஸ்டன் வழக்கறிஞர்கள் அதில் அந்தரங்க உரிமை பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். மொத்தம் 28 பக்கம். பத்திரிகைகள் மனிதர்களின் வீட்டுக்குள் நுழைந்து வம்பு பேசத் தொடங்கிய காலம் அது. சட்டென்று படம் பிடிக்கும் புகைப்படக் கருவியும் வந்துவிட்டது. சொத்தைக் காக்கவும் உடலைக் காக்கவும் சட்டம் இருக்கிறது, மனிதனின் தனிமையைக் காக்க என்ன இருக்கிறது என்று அவர்கள் கேட்டார்கள். நீதிபதி தாமஸ் கூலி முன்பே பயன்படுத்தியிருந்த 'தனித்து விடப்படும் உரிமை' என்ற சொற்றொடரை எடுத்துக்கொண்டு, பழைய தீர்ப்புகளுக்குள் சிதறிக் கிடந்த கொள்கைகளைக் கோத்து, அப்படி ஓர் உரிமை ஏற்கெனவே சட்டத்தின் அடியில் இருக்கிறது என்று வாதிட்டார்கள். எந்தச் சட்டமன்றமும் அவர்களைக் கேட்கவில்லை. எந்த வழக்கும் அவர்கள் முன் இல்லை. மாணவர்கள் நடத்திய ஓர் இதழில் அந்த வாதத்துக்குப் பக்கம் கிடைத்தது, அவ்வளவுதான்.

பிரான்டைஸ் 1916இல் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியானார். 1928இல், காவல் துறை தொலைபேசியை ஒட்டுக்கேட்டது பற்றிய ஓம்ஸ்டெட் வழக்கில், பெரும்பான்மைத் தீர்ப்போடு மாறுபட்டு அதே தனித்து விடப்படும் உரிமையைப் பேசினார். அதற்கு அறுபத்தாறு ஆண்டுகளுக்குப் பின்னால் அந்தச் சொற்றொடர் சென்னை வழக்கு ஒன்றில் வந்து நின்றது. கொலை வழக்குகளில் மரண தண்டனை பெற்ற ஆட்டோ சங்கர் சிறையில் எழுதிய தன்வரலாற்றை 'நக்கீரன்' இதழ் வெளியிட முனைந்தது. அதில் அதிகாரிகள் சிலரின் தொடர்புகள் பற்றிய செய்திகள் இருந்தன. சிறைத் துறைத் தலைவர் வெளியிடக் கூடாது என்று கடிதம் அனுப்பினார். வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 1994 அக்டோபர் 7 அன்று நீதிபதி ஜீவன் ரெட்டி எழுதிய ஆர். ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு தீர்ப்பு, குடிமகனுக்குத் தனித்து விடப்படும் உரிமை உண்டு என்றது. பொது ஆவணத்தில் உள்ளதை வெளியிட ஒருவரின் அனுமதி தேவையில்லை என்றும், தங்கள் பெயர் கெடும் என்று அஞ்சி அதிகாரிகள் ஒரு வெளியீட்டை முன்கூட்டியே தடுக்க முடியாது என்றும் சொன்னது.

பிறகு ஆதார் வழக்கு வந்தது. 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு, புட்டசாமி வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று ஒருமித்துச் சொன்னது. 547 பக்கத் தீர்ப்பு. வாரனும் பிரான்டைஸும் எழுதிய கட்டுரை அதில் பேசப்படுகிறது. 1890இல் ஒரு கல்லூரி இதழில் வந்த 28 பக்கம் 127 ஆண்டு கழித்து நூற்று முப்பது கோடிப் பேரின் உரிமையைப் பற்றிய தீர்ப்புக்குள் வருகிறது. அன்று அந்தக் கட்டுரையின் அச்சுப் படியைத் திருத்திக் கொடுத்த மாணவர்களின் பெயரை இன்று யாரும் நினைப்பதில்லை. அவர்களை நினைத்துக்கொண்டுதான் இந்த உரையைத் தயாரித்தேன்.

இது ஒற்றைச் சம்பவம் அல்ல. 1964இல் 'யேல் லா ஜர்னல்' சார்லஸ் ரைக் எழுதிய கட்டுரை ஒன்றை வெளியிட்டது. இன்றைய மனிதனின் சொத்து நிலமும் நகையும் மட்டுமல்ல, அரசு தரும் உரிமம், ஓய்வூதியம், உதவித்தொகை, ஒப்பந்தம் எல்லாமே சொத்துதான், அவற்றை அரசு மனம்போனபடி பறிக்க முடியாது என்பது அவர் வாதம். ரைக் தன் மாணவப் பருவத்தில் அதே இதழின் முதன்மை ஆசிரியராக இருந்தவர். 1979இல் நம் உச்ச நீதிமன்ற நீதிபதி பகவதி ரமணா தயாராம் ஷெட்டி வழக்கில் அந்தக் கட்டுரையைப் பெயர் சொல்லி எடுத்துக்கொண்டு, அரசு தன் டெண்டரை விருப்பம்போல் யாருக்கும் தூக்கிக் கொடுக்க முடியாது என்று தீர்ப்பெழுதினார். விமான நிலையத்தில் ஒரு உணவகம் நடத்தும் ஒப்பந்தம் பற்றிய வழக்கு அது. இன்று ஒரு சிறு நகரின் ஒப்பந்ததாரர் டெண்டர் விதி மீறப்பட்டது என்று ரிட் போடும்போது அந்தத் தீர்ப்பின் நிழலில்தான் நிற்கிறார்.

இன்னொன்று. 1989இல் சிகாகோ பல்கலைக்கழக மாணவர்கள் நடத்தும் 'லீகல் ஃபோரம்' இதழில் கிம்பர்லே கிரென்ஷா ஒரு கட்டுரை எழுதினார். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் மீது கறுப்பினப் பெண்கள் போட்ட வழக்கு அதில் வருகிறது. அந்த நிறுவனம் பெண்களை வேலைக்கு எடுத்திருந்தது, அவர்கள் வெள்ளையர்கள். கறுப்பினத்தவரையும் எடுத்திருந்தது, அவர்கள் ஆண்கள். ஆகவே பாலின வேற்றுமையும் இல்லை, இன வேற்றுமையும் இல்லை என்று நீதிமன்றம் கை விரித்துவிட்டது. இரண்டு அநீதிகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் நிற்பவளைச் சட்டத்தின் கண் பார்ப்பதே இல்லை என்று கிரென்ஷா காட்டினார். 2021 ஏப்ரலில் நம் உச்ச நீதிமன்றம், பட்டான் ஜமால் வலி வழக்கில், பார்வையற்ற, பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு இழைக்கப்பட்ட கொடுமையைப் பற்றி எழுதும்போது இந்தச் சிந்தனையைக் கையில் எடுத்தது. சாதியும் உடற்குறையும் பெண் என்பதும் ஒன்றின் மேல் ஒன்றாக அவள் மீது எப்படி அழுத்துகின்றன என்று நீதிபதி சந்திரசூட் விரிவாக எழுதினார். நம் நாட்டில் தலித் பெண்கள் பல காலமாகச் சொல்லி வந்ததுதான் இது. நீதிமன்றத்தின் மேசைக்கு அது ஒரு பெயரோடு வந்து சேர ஓர் இதழ் உதவியது.

மாணவர்கள் பிறர் எழுத்தைத் திருத்துவதோடு நிற்பதில்லை. தாங்களும் எழுதுகிறார்கள். அமெரிக்க இதழ்களில் மாணவர் எழுதும் கட்டுரைக்கு 'நோட்' என்று பெயர். 2017 ஜனவரியில் 'யேல் லா ஜர்னல்' வெளியிட்ட ஒரு நோட், அமேசான் நிறுவனத்தைப் பற்றியது, 96 பக்கம். எழுதியவர் லீனா கான், அப்போது சட்டம் படித்துக்கொண்டிருந்தவர். விலை குறைவாக இருந்தால் போட்டிக்குக் கேடில்லை என்று நீதிமன்றங்கள் நாற்பது ஆண்டாகப் பிடித்து வந்த அளவுகோலால் அமேசான் போன்ற நிறுவனத்தின் பிடியை அளக்கவே முடியாது என்று அவர் எழுதினார். 2021 ஜூனில், 32 வயதில், அமெரிக்காவின் வணிகப் போட்டியைக் காக்கும் கூட்டாட்சி வர்த்தக ஆணையத்துக்கு அவரே தலைவரானார். 2023 செப்டம்பரில் அந்த ஆணையம் அமேசான் மீது வழக்குத் தொடுத்தது. ஒரு மாணவியின் கட்டுரை இத்தனை தூரம் போயிருக்கிறது.

இந்த இதழ்களுக்குள் வேலை எப்படி நடக்கிறது என்பதைச் சற்று நின்று சொல்ல வேண்டும். நான் உண்மையில் பேச விரும்புவது அதைத்தான்.

முதலாம் ஆண்டு முடிந்ததும் மாணவர்களுக்கு ஒரு எழுத்துப் போட்டி வைப்பார்கள். ஒரு கட்டுத் தாளைக் கொடுத்து, ஒரு தீர்ப்பைப் பற்றிக் குறிப்பு எழுது, இந்த அடிக்குறிப்புகளில் உள்ள பிழைகளைத் திருத்து என்பார்கள். அதில் தேறியவர்கள் இரண்டாம் ஆண்டில் இதழின் உறுப்பினர்கள். அவர்களுக்கு முதலில் கிடைக்கும் வேலை சரிபார்ப்பு. ஏற்கப்பட்ட ஒரு கட்டுரையில் முந்நூறு அடிக்குறிப்பு இருந்தால், அவை பங்கு பிரித்துக் கொடுக்கப்படும். உன் பங்கு நாற்பது என்றால், அந்த நாற்பதுக்கும் நீ மூலத்தைத் தேடிப் போக வேண்டும். நூலகத்துக்குப் போய்ப் புத்தகத்தை எடுத்து, சொன்ன பக்கத்தைத் திறந்து, ஆசிரியர் சொல்வது அங்கே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் போதாது. அதே பொருளில் இருக்கிறதா, முன்னும் பின்னும் உள்ள வரிகள் அதை மறுக்கின்றனவா, அந்தத் தீர்ப்பு பின்னால் ரத்தாகிவிட்டதா என்பதையும் பார்க்க வேண்டும். எழுதியவர் நோபல் பரிசு பெற்றவராகவே இருக்கட்டும், மூலம் கைக்கு வராமல் அந்த வரி அச்சுக்குப் போகாது.

மேற்கோள் காட்டும் முறையை ஒழுங்கு செய்ய ஹார்வர்ட், கொலம்பியா, பென்சில்வேனியா, யேல் மாணவர்கள் சேர்ந்து ஒரு கையேடு வைத்திருக்கிறார்கள். நீல அட்டை போட்டதால் 'புளூபுக்' என்று பெயர். 1926இல் முதல் பதிப்பு வந்தபோது 26 பக்கம். 2010இல் வந்த பத்தொன்பதாம் பதிப்பு 500 பக்கத்தைத் தாண்டிவிட்டது. காற்புள்ளி சாய்வெழுத்தில் வருமா நேரெழுத்தில் வருமா என்பது வரை விதி. இந்த வீக்கத்தை நான் ஆதரிக்கவில்லை. நீதிபதி ரிச்சர்ட் போஸ்னர் பல ஆண்டுகள் அதை எதிர்த்து எழுதினார், அவர் பக்கமே நியாயம் என்பது என் கருத்து. ஆனால் விதியின் பெருக்கத்தை வெறுக்கும்போது சரிபார்ப்பையும் சேர்த்துத் தூக்கி எறிந்துவிடக் கூடாது.

இதை நான் சூடுபட்டுத் தெரிந்துகொண்டவன். கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படித்தபோது ஆண்டு மலருக்கு உதவி ஆசிரியராக இருந்தேன். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பற்றிய ஒரு தீர்ப்புக்கு நானே குறிப்பு எழுதினேன். இரண்டு பக்கம்தான். மலர் வெளிவந்து பத்துப் பதினைந்து நாள் கழித்து ஒரு மூத்த வழக்கறிஞர் ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். போனேன். மேசையில் மலரும் தீர்ப்புத் தொகுதியும் திறந்து இருந்தன. "தம்பி, நீ எழுதியிருப்பது தலைக்குறிப்பில் இருக்கிறது. தீர்ப்பில் எங்கே இருக்கிறது, காட்டு" என்றார். தேடினேன். வீட்டுக்காரர் தரப்பு வக்கீல் அப்படி வாதிட்டதை நீதிபதி பதிவு செய்திருந்தார். அதை ஏற்பதாக எங்குமே சொல்லவில்லை. தீர்ப்பின் தலைப்பில் தொகுதியின் பதிப்பாளர்கள் சேர்க்கும் சுருக்கம்தான் தலைக்குறிப்பு. அதை எழுதியவர் அந்த வாதத்தையே முடிவாக்கிவிட்டார். நான் தலைக்குறிப்பைப் படித்துவிட்டு, தீர்ப்பைப் படித்தவன் போல எழுதிவிட்டேன். அவர் திட்டவில்லை. காபி கொடுத்தார். "முழுசாப் படிச்சுட்டுப் போ" என்று அந்தத் தொகுதியை என் முன் நகர்த்தி வைத்தார். அன்று மாலை அங்கேயே உட்கார்ந்து படித்து முடித்தேன். அச்சாகிப் போன மலரை யாரும் திரும்ப வாங்க முடியாது. அந்தப் பிழை இன்னும் ஏதோ ஓர் அலமாரியில் என் பெயரோடு இருக்கிறது.

என் வரியை அச்சுக்கு முன் இன்னொரு மாணவன் மூலத்தோடு ஒப்பிட்டிருந்தால் அது நின்றிருக்கும். எங்கள் மலரில் அப்படி ஒரு வேலையே கிடையாது. கட்டுரை வரும், எழுத்துப் பிழை பார்ப்போம், அச்சகத்துக்கு அனுப்புவோம்.

இந்தக் காலத்தில் அந்த வேலையின் மதிப்பு பல மடங்கு கூடியிருக்கிறது. 2023இல் நியூயார்க்கில் மாட்டா எதிர் ஏவியாங்கா என்ற வழக்கில், விமானத்தில் காயம்பட்ட ஒரு பயணிக்காக வழக்கறிஞர்கள் தாக்கல் செய்த மனுவில் மேற்கோள் காட்டப்பட்ட தீர்ப்புகள் இல்லவே இல்லை என்று தெரியவந்தது. சாட்ஜிபிடி கற்பனையாக உருவாக்கிக் கொடுத்த வழக்குகள் அவை. பெயர் இருந்தது, எண் இருந்தது, நீதிபதி பெயரும் இருந்தது. நீதிபதி கேஸ்டல் 5,000 டாலர் அபராதம் விதித்தார். ஒரு தொகுதியைத் திறந்து பார்க்கும் பழக்கம் உள்ள இரண்டாம் ஆண்டு மாணவி பத்து நிமிடத்தில் கண்டுபிடித்திருக்கக் கூடிய பொய் அது. இருக்கிற மூலமே காணாமல் போவதும் உண்டு. ஹார்வர்ட் ஆய்வாளர்கள் சில ஆண்டுகளுக்கு முன் எடுத்த கணக்கில், தாங்கள் ஆராய்ந்த சட்ட இதழ்களில் தரப்பட்ட இணைய முகவரிகளில் 70 விழுக்காட்டுக்கும் மேல் முன்பு காட்டிய பக்கத்தை இப்போது காட்டவில்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் இருந்தவற்றிலேயே பாதி அப்படி. அதற்குப் பிறகு நூலகங்கள் ஒன்று சேர்ந்து, மேற்கோள் காட்டும் பக்கத்தை அப்படியே சேமித்து வைக்கும் ஏற்பாடு ஒன்றைத் தொடங்கின. அடிக்குறிப்பைத் தேடிப் போகிறவர்கள் இருந்ததால்தான் அது மறைந்துபோவதும் தெரிந்தது.

இந்த முறையின் குறைகளையும் நேராகச் சொல்ல வேண்டும்.

யேல் பேராசிரியர் பிரெட் ரோடெல் 1936இல் சட்ட இதழ்களுக்கு விடை கொடுத்து ஒரு கட்டுரை எழுதினார். அதையும் வர்ஜீனியாவின் ஒரு சட்ட இதழில்தான் எழுதினார். நடையும் மோசம், சரக்கும் இல்லை என்பதுதான் அவர் குற்றச்சாட்டின் சாரம். 2011இல் அமெரிக்கத் தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் ஒரு கூட்டத்தில், எந்தச் சட்ட இதழைப் பிரித்தாலும் பதினெட்டாம் நூற்றாண்டு பல்கேரியாவில் சாட்சிய முறைகள் மீது தத்துவ அறிஞர் காண்ட்டின் செல்வாக்கு என்பது போன்ற கட்டுரைதான் இருக்கும், வழக்கறிஞருக்கு அதனால் பயனில்லை என்றார். எனக்கு அவரோடு உடன்பாடில்லை. வாரனும் பிரான்டைஸும் எழுதியபோதும் அது எந்த வழக்கறிஞருக்கும் மறுநாள் காலையில் பயன்படவில்லை. ஆனால் கட்டுரைகள் அளவுக்கு மீறி நீண்டுவிட்டன என்பது மெய். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு அடிக்குறிப்பு கேட்கும் மாணவ ஆசிரியர்களே அதற்கு ஒரு காரணம். 2005இல் முன்னணி இதழ்கள் பல சேர்ந்து, இனி நீளத்தைக் குறைப்போம் என்று அறிக்கை விட வேண்டியிருந்தது.

அதைவிடப் பெரிய குறை தேர்வில் இருக்கிறது. சட்டப் பேராசிரியர் ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் ஐம்பது இதழுக்குக் கூட அனுப்பலாம். ஒரு சிறிய கல்லூரியின் இதழ் ஏற்றுக்கொண்டால், அதைக் காட்டி மேலே உள்ள இதழிடம் சீக்கிரம் படியுங்கள் என்று கேட்பார். அது ஏற்றால் அதற்கும் மேலே. ஆயிரக்கணக்கில் கட்டுரைகள் குவியும்போது, வரிச் சட்டத்தை ஒரே ஒரு பருவம் படித்த மாணவன் வரிச் சட்டத்தின் புதிய கொள்கையை எப்படி எடை போடுவான்? பெயரைப் பார்ப்பான், எந்தக் கல்லூரியிலிருந்து வந்தது என்று பார்ப்பான். பெரிய இதழ்கள் சில இப்போது பெயரை மறைத்துப் படிக்கின்றன, துறை அறிஞரிடமும் கருத்துக் கேட்கின்றன. அது நல்லது.

யார் அந்த மேசையில் உட்காருகிறார்கள் என்பதும் ஒரு கேள்வி. சார்லஸ் ஹாமில்டன் ஹூஸ்டன் 1920களின் தொடக்கத்தில் ஹார்வர்ட் இதழின் ஆசிரியர் குழுவில் இடம்பெற்ற முதல் கறுப்பினத்தவர். இதழ் தொடங்கி முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகு. அவர் பின்னாளில் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில், பிறகு அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியான துர்குட் மார்ஷலுக்கு ஆசிரியரானார், பள்ளிகளில் இனப் பிரிவினையை ஒழித்த வழக்குகளுக்குத் திட்டம் வகுத்தார். பாரக் ஒபாமா அதே இதழின் முதல் கறுப்பினத் தலைவரானது 1990இல். ஒரு பெண் தலைமைக்கு வர 1976 வரை ஆயிற்று.

சுதந்திரம் பற்றியும் ஒரு சொல். பாலஸ்தீன வழக்கறிஞர் ரபியா எக்பாரியா எழுதிய ஒரு கட்டுரையை ஹார்வர்ட் இதழ் கேட்டு வாங்கித் திருத்திய பிறகு, 2023 நவம்பரில் வெளியிடாமல் விட்டது. அதன் பிறகு அவர் விரிவாக எழுதிய கட்டுரையை 2024 ஜூனில் கொலம்பியா இதழின் மாணவர்கள் வெளியிட்டார்கள். பேராசிரியர்களும் பழைய மாணவர்களும் அடங்கிய இயக்குநர் குழு இதழின் இணையதளத்தையே மூடிவிட்டது. மாணவர்கள் பணியாமல் நின்றார்கள், சில நாளில் தளம் திரும்பியது, கட்டுரை இன்றும் இருக்கிறது. கட்டுரையின் வாதத்தோடு ஒருவர் உடன்படலாம், உடன்படாமல் போகலாம். மாணவர்தான் ஆசிரியர் என்று நூறு ஆண்டாகச் சொல்லிவிட்டு, பிடிக்காத கட்டுரை வந்த அன்று கடையைச் சாத்துவது முறையல்ல.

நம் நாட்டுக்கு வருகிறேன். என்.ஆர். மாதவ மேனன் தலைமையில் பெங்களூரில் தேசியச் சட்டப் பள்ளி தொடங்கிய பிறகுதான் மாணவர் நடத்தும் இதழ் இங்கே நிலைபெற்றது. அந்தப் பள்ளியின் இதழும், கொல்கத்தா தேசிய நீதி அறிவியல் பல்கலைக்கழகத்தின் இதழும் இன்று ஆய்வாளர்கள் மதிக்கும் இடத்தில் இருக்கின்றன. 2009 ஜூலை 2 அன்று தில்லி உயர் நீதிமன்றம், தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவு பற்றி நாஸ் ஃபவுண்டேஷன் தீர்ப்பை அளித்தது. அந்த ஆண்டே கொல்கத்தா மாணவர்களின் இதழ் அதைப் பற்றி ஒரு தொகுதிக் கட்டுரைகளைக் கொண்டுவந்தது. மகேந்திர பால் சிங் போன்ற மூத்த பேராசிரியரும் அதில் எழுதினார், பேராசிரியர் ஷம்நாத் பஷீரோடு சேர்ந்து மாணவர்களும் எழுதினார்கள். ஒரு தீர்ப்பின் சூடு ஆறும் முன் ஆராய்ந்து அச்சில் வைப்பது மாணவர் இதழுக்குத்தான் கைவரும்.

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஐ.எஸ்.எஸ்.என். எண் ஒன்றை வாங்கிக்கொண்டு, கட்டணம் கட்டினால் எதையும் போடும் இணைய 'ஜர்னல்'கள் பெருகிவிட்டன. பயோடேட்டாவில் ஒரு வரி கூட வேண்டும் என்பதற்காக மாணவர்கள் பணம் கட்டுகிறார்கள். அங்கே யாரும் எந்த அடிக்குறிப்பையும் திறந்து பார்ப்பதில்லை. ஒரு பிழை அங்கே வந்தால், அடுத்த கட்டுரை அதை மேற்கோள் காட்டும், அதற்கடுத்தது இரண்டையும் காட்டும். உங்கள் பணத்தை அங்கே கட்டாதீர்கள் என்று ஆசிரியனாகக் கேட்டுக்கொள்கிறேன்.

தமிழைப் பற்றிச் சொல்லாமல் இறங்க மனம் வரவில்லை. கொழும்பில் இலங்கைச் சட்டக் கல்லூரியின் சட்ட மாணவர் தமிழ் மன்றம் 'நீதிமுரசு' என்ற மலரைத் தமிழில் கொண்டுவருகிறது. நீதிபதிகளும் விரிவுரையாளர்களும் மாணவர்களும் அதில் தமிழில் சட்டம் எழுதுகிறார்கள். எத்தனையோ இடர்களுக்கு நடுவில் அங்குள்ள மாணவர்கள் அதைக் கைவிடவில்லை. நம் கீழமை நீதிமன்றங்களின் மொழி தமிழ். மாவட்டங்களில் வாதுரை தமிழில், சாட்சியம் தமிழில், பல தீர்ப்புகளும் தமிழில் வருகின்றன. உங்களில் பலர் தேர்வைத் தமிழில் எழுதுகிறீர்கள். ஆனால் ஒரு தீர்ப்பைத் தமிழில் அலசி, மூலத்தோடு ஒப்பிட்டு, எதிர்வாதமும் சேர்த்து எழுதிய பத்துப் பக்கக் கட்டுரை வேண்டுமென்றால் எங்கே போவீர்கள்?

இப்போது உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் இயந்திரத்தின் துணையோடு தமிழில் மொழிபெயர்க்கப்பட்டு வருகின்றன. நல்ல முயற்சி. அந்த மொழிபெயர்ப்புகளை மூலத்தோடு வைத்து வரிவரியாகப் பார்க்க வேண்டும். ஆங்கிலத்தின் 'மே' என்பதும் 'ஷல்' என்பதும் தமிழில் எப்படி வந்திருக்கின்றன? 'செய்யலாம்' என்று வர வேண்டிய இடத்தில் 'செய்ய வேண்டும்' என்று வந்தால், அதைப் படித்துவிட்டு நீதிமன்றம் போகும் மனிதனின் கதி என்ன? இந்த வேலையை எந்தத் தனி வழக்கறிஞராலும் செய்ய முடியாது. நாற்பது மாணவர்கள் பங்கு பிரித்துக்கொண்டால் முடியும். உங்கள் மன்றம் ஒரு தமிழ்ச் சட்ட இதழைத் தொடங்க எண்ணுவதாகச் செயலர் சொன்னார். முதல் இதழுக்குப் பெரிய பேராசிரியர்களைத் தேடி அலைய வேண்டாம். பத்துத் தீர்ப்புகளை எடுங்கள். ஒவ்வொன்றின் தமிழாக்கத்தையும் மூலத்தோடு ஒப்பிட்டு, கண்டதை எழுதுங்கள். ஒருவர் எழுதியதை இன்னொருவர் தொகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு பார்க்கட்டும். பார்த்தவரின் பெயரையும் கட்டுரையின் அடியில் அச்சிடுங்கள்.

அந்த வாடகை வழக்கைப் பற்றி, இந்த முறை முழுத் தீர்ப்பையும் படித்துவிட்டு, ஒரு கட்டுரை எழுதி வைத்திருக்கிறேன். முப்பத்தொரு அடிக்குறிப்பு இருக்கிறது. அடுத்த வாரம் உங்கள் செயலருக்கு அனுப்புகிறேன். வயதைப் பார்க்காமல், ஒவ்வொரு அடிக்குறிப்பையும் மூலத்தில் பார்த்து, தவறு இருந்தால் சிவப்பு மையில் எழுதித் திருப்பி அனுப்புங்கள். திருத்திக் கொடுக்கிறேன்.